அந்தக் கொடுங்கோலர்கள்: தொடக்ககால ரோமப் பேரரசில் பழிகரப்பு அங்கதம்

குயின்டிலியனின் ‘பேச்சாளரின் கல்வி’ ஒன்பதாம் புத்தகத்தில் அணிகளை விளக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. சொல்லும் சொல்லுக்குள் வேறொரு பொருளை மறைத்து வைத்து, கேட்பவரே அதைக் கண்டெடுக்கும்படி விட்டுவிடும் முறையைப் பற்றியது அது. மூன்று நிலைமைகளில் இதைக் கையாளலாம் என்கிறார் அவர்: வெளிப்படையாகப் பேசினால் ஆபத்து என்னும்போது, பேசுவது முறையாகாது என்னும்போது, வெறும் நயத்துக்காக. இவற்றுள் முதலாவது, பேரரசின் முதல் நூற்றாண்டு இலக்கியத்தைத் திறக்கும் சாவியாக இன்று பலராலும் எடுத்தாளப்படுகிறது. அந்தச் சாவி அந்தப் பூட்டுக்கு உரியதுதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சொல் பற்றி முதலில் ஒரு விளக்கம். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக வகுக்கிறது. நேருக்கு நேர் வைவது முன்னது. பழியை மறைத்து மொழிவது பின்னது. லத்தீன் ஆசிரியர்கள் இந்த இரண்டாவதற்கு ‘ஃபிகூரா’, ‘ஸ்கேமா’, ‘எம்ஃபாசிஸ்’ எனப் பல சொற்களைப் புழங்கினார்கள். அவற்றின் எல்லை ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். ‘பழிகரப்பு’ என்ற நம் சொல் நிலைமையைத் துல்லியமாகப் பிடிப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். ‘ஃபிகூரா’வை மட்டும் ‘அணி’ என்று தனியே குறிக்கிறேன். அந்தச் சொல்லுக்கு டொமிஷியன் காலத்தில் நேர்ந்த கதி பின்னால் தேவைப்படும்.

ஃபிரெடரிக் ஆஹ்ல் 1984இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிலாலஜி’ இதழின் 105ஆம் தொகுதியில் வெளியிட்ட ‘கிரேக்கத்திலும் ரோமிலும் பாதுகாப்பான விமர்சனக் கலை’ இத்துறையின் போக்கைத் திருப்பிய கட்டுரை. அதற்கு முன்பு, லூக்கன் நீரோவைப் புகழும் இடத்தையும் ஸ்டேஷியஸ் டொமிஷியனைப் புகழும் இடத்தையும் முகத்துதி என்று ஒதுக்கிவிட்டுக் கடந்து போவதே வழக்கமாக இருந்தது. ஆஹ்ல் அந்த அலட்சியத்தை உடைத்தார். பண்டைய வாசகர்கள் மறைபொருளைத் தேடும் பயிற்சியைப் பள்ளியிலேயே பெற்றவர்கள். நேரடிக் கூற்றை மட்டுமே நேர்மை என்று எண்ணும் நவீன வாசகர்களுக்குத்தான் அது கேட்காமல் போகிறது என்றார். ‘நடையியல்’ என்ற கிரேக்க நூலை எழுதிய டெமெட்ரியஸை அவர் சாட்சிக்கு அழைத்தார். முகத்துதி இழிவு, நேரடிக் கண்டனம் ஆபத்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள மறைமொழியே சிறந்தது என்பது டெமெட்ரியஸின் நிலை. அடுத்த சாட்சி குயின்டிலியன். இவ்விரண்டையும் சேர்த்து ஆஹ்ல் கட்டிய முடிபு இது: மறைமொழி என்பது கற்றுத் தேர்ந்த ஒரு கலை, ஆள்பவன் அதற்குத் தண்டனை கொடுத்தால் அந்தப் பழி தனக்குப் பொருந்துகிறது என்று தானே ஒப்புக்கொண்டவனாவான், எனவே சொன்னவனுக்கு அது காப்பு.

ஆஹ்லுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. லூக்கனை முழுக் கவனத்தோடு படிக்க அவருடைய 1976ஆம் ஆண்டு நூல்தான் எனக்கு வழிகாட்டியது. அதனாலேயே, அவர் தலைப்பில் உள்ள ‘பாதுகாப்பான’ என்ற ஒரு சொல்லோடு மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

குயின்டிலியனின் வாசகத்தை வரிசையாகப் பார்ப்போம். ஆபத்தை முன்னிட்டு மறைத்துப் பேசும் முதல் வகை பள்ளிகளில் அடிக்கடி வருவது என்று தொடங்குகிறார். அங்கே மாணவருக்குத் தரப்படும் கற்பனை வழக்குகளில், ஒரு கொடுங்கோலன் ஆட்சியை விட்டு இறங்க ஒப்புக்கொள்கிறான். பழைய குற்றங்கள் மறக்கப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். அல்லது உள்நாட்டுப் போருக்குப் பின் செனட் சபை அப்படியொரு தீர்மானம் போடுகிறது. பழையதை எடுத்துச் சொல்பவனுக்கு மரண தண்டனை. ஆக, வழக்கு மன்றத்தில் சொல்வது உசிதமல்ல என்றிருப்பது பள்ளியில் சொல்லவே கூடாததாகிவிடுகிறது. இதற்கு அடுத்துத்தான் ஆஹ்லின் வாதத்தைத் தாங்கும் வாக்கியம் வருகிறது. வேறுவிதமாகவும் பொருள்கொள்ள இடமிருக்கும் வரை எவ்வளவு வெளிப்படையாகவும் அந்தக் கொடுங்கோலர்களைச் சாடலாம்; அங்கே தவிர்க்க வேண்டியது ஆபத்தைத்தான், மனத்தாங்கலை அல்ல; இருபொருள் கொண்டு தப்பிவிட முடிந்தால் அந்தக் கள்ளத்தனத்தைப் பாராட்டாதவர் எவருமில்லை என்கிறார் குயின்டிலியன்.

‘அந்தக் கொடுங்கோலர்கள்.’ லத்தீனில் ‘இல்லோஸ்’ என்ற சுட்டு. மொழிபெயர்ப்பில் எளிதில் உதிர்ந்துவிடும் சொல் அது. உதிர்ந்துவிட்டால் வாக்கியம் எல்லாக் காலத்துக்கும் எல்லா ஆட்சியாளருக்கும் உரிய பொதுவிதியாக ஒலிக்கும். சுட்டை அதன் இடத்தில் வைத்துப் படித்தால் அது சுட்டுவது சற்று முன்பு சொன்ன ஆட்களை: ஒப்பந்தம் போட்டுப் பதவி இறங்கிய, பாடத்திட்டத்துக்காகப் படைக்கப்பட்ட, வகுப்பறைச் சுவருக்கு வெளியே இல்லாத கொடுங்கோலர்களை. மரண தண்டனை என்ற விதியும் பயிற்சிக்கென வகுக்கப்பட்டதே. மாணவன் நேரடியாகச் சாட முடியாதபடி வழியை அடைத்தால்தான் அவன் சுற்றுவழி கற்பான்.

குயின்டிலியன் அடுத்த வாக்கியத்திலேயே பள்ளியை விட்டு வெளியே வருகிறார். உண்மை வழக்குகளில் இப்படி வாய்மூடியிருக்க வேண்டிய கட்டாயம் இதுவரை நேர்ந்ததில்லை என்கிறார். அங்கே நேர்வது இதைப் போன்ற, ஆனால் கையாள இன்னும் கடினமான வேறொரு நிலை: வலிமை மிக்க மனிதர்கள் குறுக்கே நிற்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லாமல் வழக்கை நிறுத்த முடியாது. அப்போது மிகச் சிக்கனமாகவும் விழிப்பாகவும் நடக்க வேண்டும். எந்த வழியில் புண்படுத்தினாலும் புண்பட்டது புண்பட்டதுதான். வெளியே தெரிந்துவிட்ட அணி அணியாக இருக்கும் தன்மையையே இழந்துவிடுகிறது. ஆஹ்ல் கண்ட ‘பாதுகாப்பு’ பள்ளிப் பயிற்சிக்குச் சொல்லப்பட்டது. உண்மை உலகுக்கு ஆசிரியர் சொன்னது எச்சரிக்கை.

இதே பகுதியில் அவர் தம் சொந்த அனுபவம் ஒன்றையும் பதிவு செய்திருக்கிறார். கணவனின் உயிலைப் போலியாகப் புனைந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பெண்ணுக்காக அவர் வாதாடினார். சட்டப்படி அவளை வாரிசாக நியமிக்க முடியாது. எனவே வாரிசுகளாகப் பெயரிடப்பட்டவர்கள், சொத்தை அவளிடமே சேர்ப்பதாகச் சாகும் கணவனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். இந்த உண்மையைப் போட்டு உடைத்தால் அவள் தலை தப்பும், சொத்து போய்விடும். நடந்ததை நீதிபதிகள் புரிந்துகொள்ளவும் வேண்டும், துப்புக் கொடுத்துப் பிழைப்பவர்கள் ‘இப்படிச் சொன்னார்’ என்று பிடித்துக்கொள்ளவும் கூடாது. இரண்டும் கைகூடின என்கிறார். எனக்கு எதிராக ஆஹ்ல் தரப்பில் நிறுத்தக்கூடிய வலுவான சான்று இதுதான். மறைமொழி உண்மையிலேயே ஒருவரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் குயின்டிலியன் தேர்ந்தெடுத்துக் காட்டும் அந்த வெற்றி ஒரு குடும்பச் சொத்து வழக்கில் கிடைத்தது. பேரரசரின் பெயர் அதில் எங்கும் இல்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் வாதம் எளிதாக முடிந்துவிடும். காசியஸ் டியோ அதற்கு விடவில்லை. அவருடைய வரலாற்றில் இரண்டு குறிப்புகள் உள்ளன. கலிகுலா காலத்தில் கரினாஸ் செக்குண்டஸ் என்ற பேச்சுக்கலை ஆசிரியர், கொடுங்கோலர்களுக்கு எதிராக ஒரு பயிற்சி உரை ஆற்றியதற்காக நாடுகடத்தப்பட்டார். டொமிஷியன் காலத்தில் மேட்டர்னஸ் என்ற ஆசிரியர், அதேபோன்ற பயிற்சியில் கொடுங்கோலர்களுக்கு எதிராக ஏதோ சொன்னார் என்பதற்காகக் கொல்லப்பட்டார். கற்பனைக் கொடுங்கோலனைத் திட்டியவர் உண்மையாக உயிரிழந்தார். வகுப்பறைச் சுவர் பாதுகாப்பாக இருந்தது என்று நான் மேலே எழுதியது இந்த இரண்டு குறிப்புகளுக்கு முன்னால் ஆட்டம் காண்கிறது.

அப்படியானால் ‘இல்லோஸ்’ என்ற சுட்டுக்கு வேறொரு நிறம் வந்துவிடுகிறது. குயின்டிலியன் டொமிஷியனின் வாரிசுகளாக வளர்க்கப்பட்ட சிறுவர்களுக்கு ஆசிரியராக நியமிக்கப்பட்டவர். நான்காம் புத்தக முன்னுரையில் அவரே அதைச் சொல்கிறார். பத்தாம் புத்தகத்தில் டொமிஷியனைக் கவிஞர்களில் மிகப் பெரியவர் என்று போற்றுகிறார். அப்படிப்பட்டவர் கொடுங்கோலரைச் சாடுவது பற்றி எழுத நேரும்போது, ‘நான் சொல்வது பள்ளிக்கூடத்து ஆட்களை மட்டும்’ என்று விரலை நீட்டிக் காட்டுவது தற்காப்பாக இருக்கலாம். ‘இதுவரை நேர்ந்ததில்லை’ என்ற தொடரும் அப்படியே. ‘இதுவரை’ என்ற சொல்லுக்கு இனி நேரலாம் என்ற நிழலும் உண்டு. விதியை விளக்கும் வாக்கியமே விதிக்கு எடுத்துக்காட்டாக எழுதப்பட்டதோ?

நான் அப்படிச் சாயவே விரும்புகிறேன். ஆனால் காலக்கணக்கு உறுதியாக இல்லை. மேட்டர்னஸின் மரணத்தை டியோவின் சுருக்கநூல் 91ஆம் ஆண்டுச் செய்திகளை அடுத்து வைக்கிறது. அந்தப் பகுதி நிகழ்ச்சிகளைக் கோவையாகத் தொகுத்தது, ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தியது அல்ல. குயின்டிலியனின் நூல் 90களின் நடுவில், டொமிஷியன் 96 செப்டம்பரில் கொல்லப்படுவதற்கு முன்பு வெளிவந்தது என்பது வரை பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஒன்பதாம் புத்தகம் எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்பதற்கு அகச்சான்று கிடையாது. டாசிட்டஸின் ‘பேச்சாளர்கள் பற்றிய உரையாடல்’ நூலில் வரும் கவிஞர் கூரியாஷியஸ் மேட்டர்னஸும் டியோ சொல்லும் ஆசிரியரும் ஒருவரேயா என்பதும் தீராத வழக்கு. ஆகவே குயின்டிலியன் அந்தச் சுட்டை மேட்டர்னஸின் மரணத்தை மனத்தில் வைத்துப் போட்டார் என்று நிறுவ என்னால் முடியாது. கரினாஸின் கதையை அவர் அறிந்திருப்பார் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை; அது அவருடைய தொழிலுக்கே நேர்ந்தது.

இங்கிருந்து பின்னோக்கிப் போனால் ஒரு வளர்ச்சி கண்ணில் படுகிறது. மறைபொருளை உண்டாக்குபவர் யார் என்ற கேள்விக்கு, அகஸ்டஸிலிருந்து டொமிஷியன் வரை விடை மெல்ல மாறிக்கொண்டே வருகிறது.

அகஸ்டஸ் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சூட்டோனியஸ் சொல்கிறார். ஒரு நாடகத்தில் பறை கொட்டும் சிபெலே தேவியின் பூசாரியைப் பற்றிய வரி ஒன்று வந்தது. அந்த வரியில் வட்டப் பறையைக் குறித்த சொல்லுக்கு உலகம் என்றும் பொருள் உண்டு. பெண்மை மிக்க ஒருவன் விரலால் உலகை ஆட்டி வைக்கிறான் என்று கூட்டம் எடுத்துக்கொண்டு, அகஸ்டஸைக் குறித்ததாகவே பாவித்து ஆரவாரம் செய்தது. நாடகாசிரியருக்கு அந்த நினைப்பு இருந்ததா என்று சூட்டோனியஸ் கேட்கவே இல்லை. பொருளை உண்டாக்கியது மக்கள் திரள். அது பேரரசருக்கு நேர்ந்த அவமானங்களின் பட்டியலில் ஒன்றாக முடிந்துவிடுகிறது. அதே ஆட்சியின் கடைசி ஆண்டுகளில்தான், காசியஸ் செவெரஸின் வசைநூல்களைக் காரணம் காட்டி, எழுத்தையும் மாயெஸ்தாஸ் என்ற அரசநிந்தனைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார் அகஸ்டஸ் என்கிறார் டாசிட்டஸ். அந்தக் காலத்து லபியேனஸ் வேறொரு வழியைக் கண்டார். தம் வரலாற்று நூலைப் படித்துக் காட்டும்போது ஒரு பகுதியைச் சுருட்டிக்கொண்டு, இது தம் இறப்புக்குப் பின் படிக்கப்படும் என்றார். மறைமொழியை அவர் நம்பவில்லை, சுருளைத்தான் நம்பினார். செனட் சபை அவர் நூல்களை எரித்தது.

திபேரியஸ் காலத்தில் பொருளை உண்டாக்கும் வேலை கூட்டத்திடமிருந்து குற்றஞ்சாட்டுபவரிடம் போகிறது. 34ஆம் ஆண்டு மாமெர்கஸ் ஸ்காவுரஸின் வழக்கு இதற்குச் சான்று. டாசிட்டஸின் ‘ஆண்டுக் குறிப்புகள்’ ஆறாம் புத்தகம் அதைச் சுருக்கமாகச் சொல்கிறது. ஸ்காவுரஸ் மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் முறைகேடான உறவும் மாந்திரீகமும். அவரை வீழ்த்தியது காவற்படைத் தலைவன் மாக்ரோவின் பகை. ஸ்காவுரஸ் எழுதிய துன்பியல் நாடகத்தின் கதையை மாக்ரோ மேலிடத்துக்குத் தெரிவித்தான். திபேரியஸ் மீது திருப்பக்கூடிய வரிகள் ‘சேர்க்கப்பட்டன’. லத்தீன் வாசகத்தில் ‘அத்தீதிஸ்’.

இந்த ஒற்றைச் சொல்லில் நான் பல நாட்கள் தங்கிவிட்டேன். ‘ஆண்டுக் குறிப்புகள்’ முதல் ஆறு புத்தகங்களுக்கு நமக்குக் கிடைத்திருப்பது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே ஒரு கைப்பிரதி; புளோரன்ஸில் உள்ள முதல் மெடிசியப் பிரதி. பாடபேதம் பார்க்க வழியில்லை. சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. மாக்ரோ தன் அறிக்கையோடு நாடகத்தின் சில வரிகளை எடுத்துக்காட்டாக இணைத்தான் என்று படிக்கலாம். மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் இப்படியே கொள்கிறார்கள். ஸ்காவுரஸ் எழுதாத வரிகளையே மாக்ரோ நாடகத்துக்குள் நுழைத்தான் என்றும் படிக்கலாம். ‘திருப்பக்கூடிய’ என்று நான் பெயர்த்த வினைவடிவம், ‘திருப்பப்பட வேண்டும் என்பதற்காக’ என்ற நோக்கப் பொருளையும் தாங்கும். அப்படிக் கொண்டால் இரண்டாம் வாசிப்புக்கு வலு கூடுகிறது. டியோவின் சாட்சியம் முதலாவதற்குத் துணை நிற்கிறது. அவர் சொல்வதன்படி நாடகத்தின் பெயர் ‘ஏட்ரியஸ்’. ஆள்பவனின் மடமையைப் பொறுத்துக்கொள்ளும்படி யூரிப்பிடிஸ் பாணியில் ஓர் அறிவுரை அதில் இருந்தது. தன்னை ஏட்ரியஸ் ஆக்கிவிட்டதாக எடுத்துக்கொண்ட திபேரியஸ், அவனை நான் ஏஜாக்ஸ் ஆக்குகிறேன் என்று கூறித் தற்கொலைக்குத் தள்ளினான். வரி உண்மையிலேயே நாடகத்தில் இருந்தது என்றுதான் இதிலிருந்து தோன்றும். ஆனால் சூட்டோனியஸ், பெயர் சொல்லாத ஒரு கவிஞர் அகமெம்னனை வசைபாடியதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டார் என்கிறார். ஏட்ரியஸா, அகமெம்னனா என்பதிலேயே மரபு பிளவுபட்டிருக்கிறது.

சான்று மெலிந்திருக்கும் இந்த இடத்தில்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டில் எந்த வாசிப்பை எடுத்தாலும், திபேரியஸைச் சுட்டும் பொருளை நாடகத்துக்குக் கொடுத்தது மாக்ரோவின் கைதான். வரிகளைப் புனைந்து நுழைத்திருந்தால் அது வெளிப்படை. இருந்த வரிகளைப் பிய்த்து எடுத்து அறிக்கையில் கோத்திருந்தாலும் அதே விளைவுதான். முழு நாடகத்துக்குள் ஏட்ரியஸின் குடும்பக் கதையாக ஓடும் ஒரு வரி, காவற்படைத் தலைவனின் அறிக்கையில் தனித்து நிற்கும்போது வேறொன்றாகிவிடுகிறது. டாசிட்டஸ் இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் ஒரே சொல்லில் அடக்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்காவுரஸ் திபேரியஸை நினைத்து எழுதினாரா என்று அவரும் எங்கும் கேட்கவில்லை. ஆஹ்லின் சட்டகத்தில் மறைபொருளின் உரிமையாளர் எழுத்தாளர். திறமையுள்ளவர் அதை ஒளித்து வைக்கிறார், திறமையுள்ளவர் கண்டெடுக்கிறார். 34ஆம் ஆண்டு செனட் சபையில் அந்த உரிமை கைமாறிவிட்டது. ஸ்காவுரஸும் அவரைத் தூண்டித் தானும் உடனிருந்து மாண்ட மனைவி செக்ஸ்டியாவும் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

ஃபீட்ரஸ் இதே ஆட்சியின் மனிதர். தம் நீதிக்கதைகளின் மூன்றாம் புத்தக முன்னுரையில், மாக்ரோவுக்கு முன் காவற்படைத் தலைவனாக இருந்த செஜானஸே குற்றஞ்சாட்டுபவனாகவும் சாட்சியாகவும் நீதிபதியாகவும் இருந்து தம்மை வாட்டியதாகச் சொல்கிறார். பொதுவில் எல்லாருக்கும் சொன்னதைத் தனக்கென்று எடுத்துக்கொள்பவன் தன் மனச்சாட்சியைத் தானே அம்பலப்படுத்துகிறான் என்ற வாதத்தையும் முன்வைக்கிறார். ஆஹ்லின் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான பழைய வடிவம் கிடைக்காது. ஆனால் அதை எப்போது சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்: தண்டனை கிடைத்த பின்பு. செஜானஸுக்கு அந்த வாதம் பொருட்டாக இருக்கவில்லை. அவன் 31 அக்டோபர் 18இல் வீழ்ந்தான். முன்னுரை அதற்குப் பிறகு எழுதப்பட்டது என்பது தெளிவு, எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 40களின் தொடக்கத்தில் பாலிபியஸுக்கு ஆறுதல் மடல் எழுதிய செனெக்கா, நீதிக்கதை ரோமானியர் கைவைக்காத துறை என்கிறார். ஃபீட்ரஸ் என்ற பெயரே அங்கு இல்லை.

கலிகுலா, இருபொருள்படும் ஒரு வேடிக்கை வரிக்காக அட்டெல்லக் கூத்து எழுதிய ஒருவரை அரங்கின் நடுமணலில் எரித்தான் என்று சூட்டோனியஸ் பதிந்திருக்கிறார். இருபொருள் என்பதே குற்றத்தின் பெயராக நிற்கும் முதல் குறிப்பு எனக்குத் தெரிந்தவரை இதுதான். நீரோ இந்த வரிசையில் ஒரு விலக்கு. தாயைக் கொன்றவன் என்று சுவரில் எழுதியவர்களையும் அவன் தேடவில்லை. டேட்டஸ் என்ற கூத்து நடிகர், தந்தைக்கும் தாய்க்கும் விடைசொல்லும் பாட்டில் குடிப்பது போலவும் நீந்துவது போலவும் அபிநயித்து, கிளாடியஸின் மரணத்தையும் கப்பல் கவிழ்ப்பில் நீந்திப் பிழைத்த அக்ரிப்பினாவையும் எல்லாருக்கும் நினைவூட்டினார். நாடுகடத்தலோடு விட்டுவிட்டான். பாட்டில் குற்றமில்லை; கையில்தான் பொருள் இருந்தது. 62இல் நிலைமை மாறுகிறது. அன்டிஸ்டியஸ் ஒரு விருந்தில் நீரோவைப் பழித்துப் பாடியதற்காக மாயெஸ்தாஸ் சட்டம் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் அது செம்பொருள் அங்கதம். மறைக்க முயலவே இல்லை.

லூக்கனின் காவியத் தொடக்கத்தில் உள்ள நீரோ புகழ்ச்சிக்கு இப்போது வரலாம். ஆஹ்ல் தம் 1976 நூலில் இதை நேர்ப்பொருளில் படிக்க முடியாது என்று வாதிட்டார். நீரோ வானில் ஏறும்போது ஒரு பக்கமாக ஒதுங்கிச் சாய்ந்த ஒளியோடு ரோமைப் பார்க்க வேண்டாம், நடுவில் அமர்ந்தால்தான் வானத்தின் பாரம் சமனாகும் என்கிறது அந்தப் பகுதி. பழைய உரைகளில், ‘சாய்ந்த’ என்பது நீரோவின் மாறுகண்ணையும் ‘பாரம்’ அவன் பருமனையும் குத்துவதாக விளக்கம் வருகிறது. எள்ளல் வாசிப்புக்குப் பண்டைய ஆதரவாகக் காட்டப்படுவது இதுதான். சூட்டோனியஸ் நீரோவின் உடலை அணு அணுவாக வருணித்திருக்கிறார்: தடித்த கழுத்து, முன்தள்ளிய வயிறு, மெலிந்த கால்கள், நீலம் பாய்ந்த மங்கலான கண்கள். மாறுகண் அதில் இல்லை. உரைகாரர் கவிதையிலிருந்துதான் மாறுகண்ணைப் பெற்றார் என்றே கருதுகிறேன். பாரமோ தெய்வத்தன்மைக்கு வழக்கமான அடையாளம். ஓவிடின் உருமாற்றக் காவியத்தில் ஹெர்குலிஸ் வானேறியபோது அட்லஸ் எடையை உணர்ந்தான். வெர்ஜில் ‘ஜியார்ஜிக்ஸ்’ தொடக்கத்தில் ஆக்டேவியனுக்கு வானில் இடம் ஒதுக்க, விருச்சிகம் தன் கொடுக்குகளை ஒடுக்கிக்கொள்கிறது.

இதனால் புகழ்ச்சி நேர்மையானது என்று நான் நிறுவிவிட்டதாகக் கொள்ள வேண்டாம். மைக்கேல் டுவார் 1994இல் பிற்காலப் புகழுரைகளை ஒப்பிட்டு அந்தப் பக்கம் வாதாடியிருக்கிறார். ஸ்டீஃபன் ஹிண்ட்ஸ் 1987இல் அதற்கு மறுபக்கம் நின்று, வாகனம் கவிழ்ந்த ஃபேத்தனின் நிழலைச் சுட்டியிருக்கிறார். ஹிண்ட்ஸ் காட்டும் நிழல் எனக்கும் தெரிகிறது. உரைகாரர்களின் சாட்சியம் லூக்கனின் உள்ளத்தைப் பற்றியது அல்ல என்பதே நான் சொல்வது. பொருளைத் தேடிப் பழகிவிட்ட பிற்கால வகுப்பறையின் கண்ணை அது காட்டுகிறது. மாக்ரோ செய்த அதே வேலையை அவர்கள் தீங்கெண்ணாமல் செய்தார்கள்.

இந்த வரிசையின் கடைசிப் படி டொமிஷியன். தார்சஸ் ஊரின் ஹெர்மோஜெனிஸைத் தம் வரலாற்று நூலிலிருந்த சில ‘அணி’களுக்காக அவன் கொன்றான் என்கிறார் சூட்டோனியஸ். ‘ஃபிகூரா’ என்ற அதே சொல். குயின்டிலியன் எந்தப் பத்தாண்டில் அந்தச் சொல்லுக்கு இலக்கணம் எழுதினாரோ அநேகமாக அதே பத்தாண்டில் அது கொலைக்குக் காரணமாகக் குறிக்கப்படுகிறது. நூலைப் படியெடுத்த எழுத்தர்கள் சிலுவையில் அறையப்பட்டார்கள். அவர்கள் அணி எதையும் அமைக்கவில்லை. எழுத்தைப் பார்த்து எழுதினார்கள். இளைய ஹெல்விடியஸ், பாரிஸும் ஈனோனியும் வரும் ஒரு சிறு நாடகத்தில் பேரரசரின் மணமுறிவைக் கேலி செய்ததாகக் கருதப்பட்டு உயிரிழந்தார். ட்ராய் நகரத்துக் கதை அது. ‘கருதப்பட்டு’ என்பதுதான் அந்த வழக்கின் முழு ஆதாரம்.

சூட்டோனியஸின் ‘லூக்கன் வாழ்க்கை’யில் ஒரு சம்பவம் வருகிறது. நீரோவோடு பகை முற்றிய பின், அதாவது 65 ஏப்ரல் 30இல் லூக்கன் சாவதற்குச் சில காலம் முன்பு நடந்திருக்க வேண்டும், ஆண்டு குறிக்கப்படவில்லை. பொதுக் கழிப்பிடத்தில் அமர்ந்திருந்த லூக்கன், உரத்த ஒலியோடு வாயுவை விட்டதும், பூமிக்கடியில் இடி முழங்குவதைப் பற்றி நீரோ எழுதிய அரை வரி ஒன்றைச் சொன்னார். அவர் சேர்த்தது எதுவுமில்லை, மாற்றியதும் எதுவுமில்லை. சொற்கள் பேரரசருடையவை. சுற்றி அமர்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள்.